எதுக்குங்க அண்ணனும் நரி முகமும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ரயிலில் இதுவரை ஏறிய அத்தனை பேரிலும், தன் பேர், ஊர், சம்பளம் மூன்றையும் எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லாமல் இறங்கிப்போன ஒரே மனிதர் எங்கள் எதுக்குங்க அண்ணன்தான். மற்றவர்களுக்கெல்லாம் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் மருமகள் சண்டை வரைக்கும் வெளியே வந்துவிடும். நானே அப்படித்தான். விக்கிரவாண்டி வருவதற்குள், என் பையனை எந்த ஆஸ்பத்திரியில் பெற்றேன், அன்றைக்கு மாமியார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்தப் பெட்டி முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் எங்கள் எதிரே உட்கார்ந்த பெரியவர் ஒருவர் மல்லாட்டையை, அதாங்க வேர்க்கடலையை, உரித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"எதுக்குங்க?" என்றார் அண்ணன்.

"சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மான்னா வேணாங்க."

பெரியவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டு மயிலம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணன் பேச்சில் திமிர் துளியும் கிடையாது. காரணம் தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆசைப்பட்டுத்தான் கேட்பார். ஆனால் நம் பக்கத்தில் காரணம் வைத்துக்கொண்டா ஊர் பேர் கேட்கிறோம்?

இப்படிப்பட்டவர் வேலை பார்த்த இடம்தான் வேடிக்கை. திண்டிவனத்தில், ஒரு மாடியில் இருக்கும் திருமணத் தகவல் மையம். கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. பெண்ணைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் நாலு வரி நயமாகத் தமிழில் எழுதிக்கொடுப்பது என் பொறுப்பு. வயது, நட்சத்திரம், வேலை, நிறம், எத்தனை காணி நிலம் என்று அவர் எதையெல்லாம் சொல்ல மறுத்தாரோ அதையெல்லாம் வைத்துத்தான் எங்கள் மூன்று பேர் வீட்டிலும் உலை கொதித்தது. மூன்றாவது ஆள் ஓனரம்மா.

ஓனரம்மாவுக்குத் தொழிலில் ஒரே குறைதான். ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசி முடிக்கிறோம், கடையிலேயே ஒருத்தன் ஒண்டிக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறானே என்று மாய்ந்துபோவார்.

"யோவ், நட்சத்திரமாவது சொல்லுய்யா."

"எதுக்குங்கம்மா?"

"ஒனக்குப் பொண்ணு பாக்கத்தான்."

"பொண்ணு கெடைச்சதும் சொல்றேங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்று பேர் கேட்டதற்கு, "தம்பின்னே கூப்புடுங்க, போதும்" என்றாராம். எதுக்குங்க என்கிற பேர் கடைக்கு வந்த வரன் வீட்டார் வைத்தது.

மனிதர்களிடம் கேட்கிற அதே கேள்வியை அவர் கம்ப்யூட்டரிடமும் கேட்பார், செல்போனிடமும் கேட்பார். என் போனில் டார்ச் அடிக்க ஓர் ஆப் போட்டிருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "வெளக்கு எரியறதுக்கு ஒங்க சொந்தக்காரங்க நம்பரெல்லாம் எதுக்குங்க? அது யாருக்கு போன் பண்ணப் போவுது?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அழித்துவிட்டார். அதன் பிறகு ஒரு வாரம் நான் மெழுகுவத்தியோடு மாடிப்படி இறங்கினேன். போனிலேயே ஒரு டார்ச் இருக்கிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிரவுசரில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி புரோகிராம்கள் இருக்கின்றன அல்லவா, எக்ஸ்டென்ஷன் என்பார்களே, அவற்றை அவர் சேர்க்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். யார் எழுதியது, கடைசியாக எப்போது திருத்தினார்கள், என்னென்ன அனுமதி கேட்கிறது, கேட்பதற்கும் செய்கிற வேலைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, "எதயும் சும்மா குடுக்கறான்னா, அவனுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?" என்று தனக்குத்தானே முணுமுணுப்பார். பத்தில் ஒன்பது மாப்பிள்ளைகள் இந்தக் கேள்வியிலேயே வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்று ஓனரம்மா கேட்டபோதும் அதே பாணிதான்.

"சில சம்பந்தி வூட்டுல கூடத்தோட ஒக்கார வச்சி காபி குடுத்து அனுப்பிடுவாங்க. சில பேரு, சமையக்கட்டு வரைக்கும் வந்து பாருங்கன்னு சொல்லுவாங்க. இது ரெண்டாவது ரகம்மா. எப்படி எழுதியிருக்குதுன்னு யாரு வேணா உள்ள பூந்து பாக்கலாம்."

"எனக்குப் பாக்கத் தெரியாதேய்யா."

"மாப்பிள்ளய மட்டும் நீங்களேவா விசாரிக்கறீங்க? தெருமுனை டீக்கடையில கேக்கறதில்ல? அந்த மாதிரி, தெரிஞ்சவங்க பாத்துட்டுச் சொல்லிக்கினு இருப்பாங்க."

அதற்காக அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை விளம்பரங்களைத் தடுக்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டார். ஆர்வக் கோளாறில் அதில் இருந்த அத்தனை பூட்டையும் பூட்டிவிட்டார். அதில் எங்கள் வெப்சைட்டில் இருந்த வரன் போட்டோக்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்து மரக்காணம் பக்கத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். கண்ணாடி போட மறந்த ஓனரம்மா, ஒன்றுமே இல்லாத வெள்ளைக் கட்டத்தைக் காட்டி, "பையன் நல்ல நெறம், பாருங்க" என்றார். "இவ்ளோ வெள்ளை எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார். ஓனரம்மா அண்ணனோடு மூன்று நாள் பேசவில்லை.

கோபம் வந்தால் ஓனரம்மாவுக்கு ஒரே ஆறுதல் ராசிபலன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கன்னி ராசிக்கு என்ன என்று பார்த்துவிட்டுத்தான் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவார். அதற்கென்று ஓர் எக்ஸ்டென்ஷனை அவரே தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். பிரவுசரைத் திறந்தால் தாமரைப்பூ விரிந்து, அதன் நடுவில் பலன் வரும். அண்ணன் அதைப் பார்த்ததும் ஆடிப்போனார்.

"அம்மா, இது நீங்க போற எல்லா வெப்சைட்டயும் படிக்கணும்னு கேக்குது. கன்னி ராசிக்குப் பலன் சொல்றதுக்கு அது எதுக்குங்க?"

"ஒன் வெளம்பரம் தடுக்கறது மட்டும் அதையேதானய்யா கேட்டுச்சு?"

"வெளம்பரத்தப் புடிக்கணும்னா பக்கத்தப் படிச்சித்தாங்க ஆவணும். அதுவுமில்லாம அது சமையக்கட்டத் தொறந்து காட்டற வூடு. இது கூடத்துல தாமரைப்பூ மட்டுந்தான் காட்டுது."

அவர் அதை எடுத்துவிட்டார். அன்றைக்கே ஓனரம்மா படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மறுநாள் தாமரைப்பூ பழையபடி மலர்ந்தது. கால் கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் வாதாட எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

அப்புறம்தான் அந்த வினை வந்தது. ஒரு காலை, செலினின் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்தார். செலின் என்பது நான் வைத்த பேர். பக்கத்துக் கிராமத்தில் டீச்சர், முப்பது தாண்டியவள். ஒரு முறை நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. பேச்சு முடிகிற வரை தெருவில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்கிற ஒரே நிபந்தனையோடு எங்களிடம் பதிவு செய்திருந்தார்கள்.

"மண்டபக்காரன் கூப்புடறான், வீடியோக்காரன் கூப்புடறான். எங்க எதுத்த வூட்டுல சமையல் கான்ட்ராக்டு எடுக்கறவரு, யாரோ நம்பர் குடுத்தாங்கன்னு வாசல்ல நின்னுக்கினு, 'டீச்சருக்குக் கல்யாணமாமே, பிரியாணியா சாப்பாடா'ன்னு கேக்கறாரு. போன வாட்டி நின்னப்பவே பொண்ணு மூணு மாசம் கோயிலுக்கு வரல. இப்ப பள்ளிக்கூடத்துக்கே போமாட்டேங்குது. யாருங்க சொன்னது?"

அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு ஓனரம்மா கதவைச் சாத்தினார். "அந்த நம்பர் தெரிஞ்சது நம்ம மூணு பேருக்குத்தான். நான் சொல்லல. இவளுக்கு வாய் நீளந்தான், ஆனா ரயில்ல இவ கொட்டறது இவ சங்கதி மட்டும். மீதி யாருய்யா? தன்னப்பத்தி ஒரு வார்த்தை சொல்லாதவன் எப்படிப்பட்டவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. எதற்கெடுத்தாலும் எதுக்குங்க என்பவர் அன்று அதைச் சொல்லவில்லை. "ரெண்டு நாள் குடுங்கம்மா. அதுவரைக்கும் புது வரன் எதயும் ஏத்தாதீங்க. அப்புறம் நானே போயிடறேன்" என்றார்.

என்னை இரண்டு புது சிம் வாங்கிவரச் சொன்னார். அவரே போயிருக்கலாம், ஆனால் கடைக்காரர் பேர் கேட்பாரே! பிறகு இல்லாத இரண்டு பெண்களுக்கு, ஆளுக்கொரு புது நம்பர் போட்டு, என்னை பயோடேட்டா எழுதச் சொன்னார். நான் உற்சாகமாகி, பிரம்மதேசத்துக் கனகா என்று ஒருத்தியைப் படைத்து, எம்.எஸ்ஸி. படிக்கவைத்து, வீணை கற்றுக்கொடுத்து, மீன் விழி வரைக்கும் போய்விட்டேன். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "இல்லாத பொண்ணுக்கு வீணை எதுக்குங்க?" என்றார். அடுத்தவள் வனஜாவைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

கனகாவைத் தாமரைப்பூ விரிகிற பிரவுசரில் ஏற்றினார். வனஜாவை, அவர் தனக்கென்று வைத்திருந்த, நரிப் படம் போட்ட இன்னொரு பிரவுசரில் ஏற்றினார். அது திறந்த சமையற்கட்டு ரகம். அதில் அந்த விளம்பரத் தடுப்பான் ஒன்றைத் தவிர வேறு ஒட்டு எதுவும் கிடையாது. இரண்டையுமே எங்கள் வெப்சைட்டில் யார் கண்ணிலும் படாதபடி மறைத்தும் வைத்தார். இரண்டு நம்பரும் இருந்த போனை ஓனரம்மாவின் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் நாள் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அது வாய் திறக்கவில்லை. ஓனரம்மா அண்ணனை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. ஓனரம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கனகா வூடுங்களா? மண்டபம் பேசியாச்சிங்களா?"

அவர் வைப்பதற்குள் அடுத்தது. "மேடம், கனகாவுக்கு மேக்கப் பேக்கேஜ் ஒண்ணு இருக்குது..." அதற்கடுத்து நாதஸ்வரம். அவர்கள் வாசித்தே காட்டிவிட்டார்கள். நான்காவதாக வந்தவன், "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசலாங்களா?" என்றதும் ஓனரம்மா எழுந்து நின்று கத்தினார்: "அந்தப் பொண்ணு இன்னும் பொறக்கவே இல்லய்யா, வை போன!"

சாயங்காலம் வரை கனகாவுக்கு வேண்டாதவர்களே இல்லை. பாவம், வனஜாவை ஒருவரும் சீண்டவில்லை. தாமரைப்பூவைச் சும்மா கொடுத்தவனுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓனரம்மா நாற்காலியில் சரிந்து, "என் ராசிபலனா? தெனமும் காலையில மொதல்ல அது முகத்துலதானேய்யா முழிச்சேன்?" என்றார். என் வாய்க்கு அந்த இடத்தில் ஆயிரம் வார்த்தை வந்தது. அண்ணன், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"விடுங்கம்மா. இனிமே நரி முகத்துல முழிங்க" என்றார்.

நரி முகத்தில் விழித்தால் அன்றைக்கெல்லாம் யோகம் என்பது ஓனரம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுநாள் வரை அனுமதி, பாதுகாப்பு என்று அண்ணன் தொண்டை வற்றப் பேசியும் நடக்காதது, அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. தாமரைப்பூவை அவரே பிடுங்கினார். ராசிபலன், சுவரில் தொங்கும் தினசரி காலண்டருக்கு இடம்பெயர்ந்தது. அது கிழிக்கும்போது மட்டும்தான் சத்தம் போடும். யார் வீட்டு நம்பரையும் படிக்காது.

மூன்று பேரும் செலின் வீட்டுக்குப் போனோம். ஓனரம்மா கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னார். செலினின் அம்மாவுக்குத் தாமரைப்பூவும் புரியவில்லை, நரியும் புரியவில்லை. அண்ணனைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி? ஒங்க பேரு இன்னா, எந்த ஊரு?" என்று கேட்டார்.

நானும் ஓனரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தை வரப்போகிறது, இந்த அம்மா எங்களை வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

அண்ணன் பேரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். அப்பா பேர், நட்சத்திரம், வயது எல்லாம் சொன்னார். தனக்கு எந்த வருஷம் எந்தப் பெண்ணோடு நிச்சயம் ஆனது, அது எப்படி நின்றது, அதற்கப்புறம் ரயிலிலும் கடைத்தெருவிலும் பார்த்தவர்களெல்லாம் அதைப் பற்றி என்னவெல்லாம் கேட்டார்கள் என்பதையும் சொன்னார். ஓனரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒங்க வூட்டு சங்கதி எங்க கடையிலேர்ந்து வெளிய போயிடுச்சிங்க. அதத் திருப்பி எடுக்க முடியாது. அதுக்குப் பதிலா என்னுது ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்று முடித்தார்.

உள் அறைக் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செலின் வெளியே வந்தாள். "அண்ணா, டீ குடிக்கறீங்களா?" என்றாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள். பிறகு அவள் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. யாரோடு, எங்கே என்பது அவள் சங்கதி.

இப்போதும் அண்ணனும் நானும் அதே ரயிலில்தான் போகிறோம். ஒரு ரகசியம் கூடத் தங்காத என் வாயில் இந்த ஒன்று மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு, அந்த மனிதர் பேர்தான் என்ன என்று கேட்கத் தோன்றும்.

எதுக்குங்க?