அழுத்த உடையும் அழுத்தக்காரியும்

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு முதல் நாலு வரை இந்த உடம்பு எனக்கே சொந்தம் என்று ஒரு தீர்மானம் போட்டேன். பெரிய ஆசை இல்லை, பாருங்கள். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அதில் இரண்டே இரண்டு. அதைக்கூட ஒரு மனுஷனுக்கு விட்டுவைக்கக் கூடாதா?

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஆறு நாள் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறேன், ஏழாவது நாள் வீட்டோடு. என் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஊரார் துணியைப் பிரித்துப் பெரிதாக்குவதும் பிடித்துச் சிறிதாக்குவதுமாகத் தொழில் நடத்துகிறாள். என்னை இருபது வருஷமாகப் பிடித்துச் சிறிதாக்கித்தான் வைத்திருக்கிறாள். ஞாயிறு வந்தால் நான் மின்விசிறி துடைக்க வேண்டும், திரைச்சீலை அலச வேண்டும், தரையெல்லாம் சிதறிய நூலைப் பொறுக்க வேண்டும். "களைப்பா இருக்கு" என்றால் "எனக்கும்தான்" என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

சாதாரணக் களைப்பு இந்த வீட்டில் செல்லாது, காரணத்தோடு கூடிய களைப்பு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அதனால் ஓட ஆரம்பித்தேன்.

மேல்வீட்டில் ஓர் உடற்பயிற்சி மாஸ்டர் இருக்கிறார். தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுவார். அவர் பின்னால் மூன்று நாள் ஓடினேன். நாலாம் நாள் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க முடிந்தது. தொடை இரண்டும் தனித்தனியாக என்னைத் திட்டின. மாஸ்டருக்கே பாவமாகிவிட்டது.

"சார், கம்ப்ரஷன்னு ஒரு இறுக்கமான பேன்ட் இருக்கு. ஓடி முடிச்சதும் அதை மாட்டிக்கிட்டு, கால உயர்த்தி வச்சுப் படுத்துடுங்க. தசை சீக்கிரம் மீண்டுடும்னு சொல்றாங்க."

"எவ்வளவு நேரம் படுக்கணும்?"

"அது உங்க இஷ்டம் சார். ஒரு ரெண்டு மணி நேரம்னு வச்சுக்குங்களேன்."

இரண்டு மணி நேரம். அவர் வாயில் சர்க்கரை போடலாம் போலிருந்தது. அன்று மாலையே வாங்கிவிட்டேன். பெட்டியைத் திறந்தால், யாரோ ஒரு குழந்தையின் உடை மாறி வந்துவிட்டதோ என்று தோன்றியது.

"என்னங்க இது, சைக்கிள் ட்யூபா?" என்றாள் என் மனைவி.

"அழுத்த உடை. தசைக்கு அழுத்தம் குடுக்கும்."

"உங்களுக்கு அழுத்தம் ஜாஸ்தின்னுதானே டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு?"

"அது ரத்த அழுத்தம், உள்ள இருக்கறது. இது வெளியிலேர்ந்து குடுக்கறது."

"வெளியிலேர்ந்து குடுக்கத்தான் நான் இருக்கேனே. சரி, எதுக்கு இது?"

"மீட்புக்கு. ஓடிக் களைச்ச தசைய மீட்கும்."

"யாரு கடத்திக்கிட்டுப் போனா?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு எந்த நாட்டிலும் பதில் கிடையாது.

அந்த உடைக்குள் நுழைய இருபது நிமிஷம் ஆயிற்று. நான் கட்டிலில் மல்லாந்து மூச்சை உள்ளே இழுக்க, அவள் இடுப்புப் பட்டையை மேலே இழுத்தாள். முழங்காலோடு நின்றுகொண்டு மேலே வர மாட்டேன் என்றது. அவள் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்ததில் கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. ஒரு வழியாக ஏறியபோது என் குரலே கொஞ்சம் மெலிந்துவிட்டது. அந்தக் குரலில்தான் என் தீர்மானத்தை அறிவித்தேன்.

"இனிமே ஞாயித்துக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் எனக்கு ஓய்வு. எழுப்பக் கூடாது."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் ஒத்துக்கொண்டாள். அவள் எவ்வளவு அழுத்தக்காரி என்பது இப்படி ஒத்துக்கொள்ளும்போதுதான் தெரியும்.

"சரிங்க. இது நிஜமாவே வேலை செய்யுதுன்னா அந்த ரெண்டு மணி நேரம் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன். வேலை செய்யலேன்னா அந்த நேரம் எனக்கு. ஒரு மாசம் பாப்போம்."

"எப்படிப் பாக்கறது?"

"கால் வலி பத்துக்கு எவ்வளவுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதுங்க. எழுத்து விஷயத்துல உங்களை மிஞ்ச ஆளிருக்கா?"

புகழ்ச்சியில் மயங்காதவன் யார்? எழுதினேன். முதல் வாரம் முழுக்க ஏழு, எட்டு, ஏழு. போதாததற்கு, உடையைக் கழற்றிய பிறகு தையல் வரி காலில் பதிந்து அரித்தது வேறு. அதை நான் நோட்டில் ஏற்றவில்லை. அதற்கெல்லாம் பத்தியில் இடமில்லை.

இரண்டாம் வாரம், துவைத்து மடித்து வந்த உடை ஐந்தே நிமிஷத்தில் ஏறியது. யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியா? கால் மெலிஞ்சுடுச்சு."

"ஆமாங்க, பாதியாத்தான் ஆயிட்டீங்க. நல்லாச் சாப்பிடுங்க."

நல்லாச் சாப்பிட்டேன். வலி ஐந்துக்கு இறங்கியது. பிறகு மூன்று. அப்புறம் இரண்டு.

"இப்பவும் இறுக்குதாங்க?" என்று கேட்டாள், அக்கறையாக.

"இரும்புப் பிடி. ரத்தம் மேல ஏறறது எனக்கே தெரியுது."

அந்த ஞாயிறுகளில் அவளே ஸ்டூல் போட்டு விசிறி துடைத்தாள். முகத்தில் கடுகளவு கோபம் இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நானோ தொழில் பழக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் வாரம் சிவப்பு மையில் ஓர் அடிக்குறிப்பே சேர்த்தேன்: 'முழுப் பெருமையும் உடையின் இறுக்கத்துக்கே.'

மாதம் முடிந்த ஞாயிறு, பகல் ஒன்றரை மணிக்கு மேல்வீட்டு மாஸ்டரை நடுவராக அழைத்தேன். நான்தான் அழைத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது கொஞ்சம் மண்தான்.

நோட்டைப் பெருமையாக விரித்தேன். மாஸ்டர் தலையாட்டினார். என் மனைவி அந்த உடையை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கத் தையலைப் பாருங்க தம்பி. முதல் வாரத்தோட சரி. அப்புறம் பிரிச்சு, தொடையில ரெண்டு இஞ்ச், இடுப்புல மூணு இஞ்ச் துண்டு வச்சுத் தச்சுட்டேன். மூணு வாரமா இது அவரை இறுக்கவே இல்ல. பைஜாமா போட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்காரு."

எனக்கு ரத்தம் நிஜமாகவே மேலே ஏறியது.

"இது மோசடி. என் உடைய என்னைக் கேக்காம எப்படிப் பிரிக்கலாம்?"

"வலி குறைஞ்சதா இல்லையா?"

"குறைஞ்சது. அதனாலதான் சொல்றேன், மாஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

மாஸ்டர் கழுத்தைச் சொறிந்தார். நன்றி கெட்ட உலகம்.

"சார், உள்ளதச் சொல்லணும்னா, புதுசா ஓடறவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல உடம்பு பழகி வலி தானா குறைஞ்சுடும். இதைப் போட்டா வேகம் ஒண்ணும் பெருசாக் கூடறதில்ல. மறுநாள் வலி கொஞ்சம் குறையலாம்னு சொல்றாங்க. ஆனா அதுல துணியோட வேலை எவ்வளவு, மனசோட வேலை எவ்வளவுன்னு யாராலயும் சரியாப் பிரிக்க முடியல."

"நான் பிரிச்சுட்டேனே" என்றாள் என் மனைவி.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "முதல் வாரம் இறுக்கினதோட பலன் மெதுவாத் தெரிஞ்சிருக்கலாமில்ல?"

அவள் நோட்டை எடுத்து நாலாம் வாரத்து அடிக்குறிப்பை உரக்கப் படித்தாள். பிறகு, "கீழ 'சரிபார்க்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. கையெழுத்து உங்களுதுதானே?" என்றாள்.

என்னுடையதுதான். அச்சுக்குப் போகிற எழுத்தில் ஒரு கால் விட்டுப்போனால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவேன். என் சொந்தக் கால் இரண்டிலும் கோட்டை விட்டேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

அதிலும் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. இரண்டு இஞ்ச், மூணு இஞ்ச் என்று அவள் துண்டு வைத்தது சும்மா குத்துமதிப்பாக அல்ல. மணி இரண்டடித்தபோது அந்தக் கறுப்பு உடையில், இரண்டு தலையணைமேல் காலை வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தது அவள். அளவெடுத்துத் தைத்தது போல அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. அளவெடுத்துத்தானே தைத்திருக்கிறாள்.

ஸ்டூல்மேல் ஈரத்துணியோடு நின்றுகொண்டு, வயிற்றெரிச்சல் தாங்காமல் கேட்டேன்.

"என்ன, இப்ப மட்டும் அது வேலை செய்யுதாக்கும்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அது எதுக்குங்க செய்யணும்? நீங்கதான் செய்யறீங்களே."