குந்து மேஸ்திரி வைத்த உயரம்

உலகத்தில் உள்ள அத்தனை மெக்கானிக்குகளும் "வண்டிய விட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் பாக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். "வண்டி கெடக்கட்டும், மொதல்ல ஊட்டாளுங்கள இட்டுகினு வா" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய ஒரே மெக்கானிக், எனக்குத் தெரிந்து, அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம் ஷெட் போட்டிருந்த குந்து மேஸ்திரிதான். அவருடைய நிஜப்பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. வந்தவர்களை எல்லாம் "ஏறிக் குந்து, ஏறிக் குந்து" என்று காருக்குள் தள்ளித் தள்ளியே அந்தப் பெயரை வாங்கிவிட்டார்.

காரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இவைதான் அவருக்குத் தொழில். ஆள் ஏறாத காரின் உயரத்தை அளப்பது, ஆளே இல்லாமல் சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி என்பது அவர் கட்சி. "காலி வண்டி ஒசரமா இருந்தா இன்னா, குள்ளமா இருந்தா இன்னா? காலி வண்டியா ரோட்ல ஓடுது?" என்பார். ஆகவே அந்தக் காரில் வழக்கமாகப் போகிறவர்கள் எல்லோரும் வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு மதிய வெயிலில் காருக்குள் அமர்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். யாராவது ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தண்ணீர் கேட்டால், "ஆடாத! அளவெடுத்துகினு கீறேன்ல!" என்று சக்கரத்துப் பக்கத்திலிருந்து அதட்டல் வரும்.

தரை விஷயத்தில் இன்னும் மோசம். அளவெடுக்கும் தரை மட்டமாக இருக்க வேண்டுமாம். ஷெட்டுக்கு சிமெண்ட் தரை போடுவதற்கு முன்னால், கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூபைத் தோளில் சுற்றிக்கொண்டு அம்பத்தூர் முழுக்க மட்டம் பார்த்திருக்கிறார். கடைசியில் அவர் மனசுக்குப் பிடித்த மட்டத்தில் இருந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மானேஜர் வெளியே போன நேரம் பார்த்து, வாட்ச்மேனைச் சரிக்கட்டி, ஓர் அம்பாசிடரை உள்ளே தள்ளிவிட்டார். திரும்பி வந்த மானேஜருக்குப் பந்தி நடக்கும் இடத்தில் ஒரு காரும், காருக்குள் ஒரு குடும்பமும் காட்சி கொடுத்தன. "என்னய்யா அநியாயம் இது?" என்று அலறியவரை மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்து, "சார் இன்னா வெயிட்டு இருப்பீங்க? பின் சீட்ல ஒரு ஆளு கொறையுது" என்றாராம். மானேஜர் ஏறி உட்கார்ந்தாரா இல்லையா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு மாருதி வாங்கியிருந்தேன். விற்றவர் ரேஸ் பைத்தியம். ஷாக் அப்சார்பர் மேலேயே ஸ்பிரிங்கைக் கோத்து, அடியில் உள்ள வளையத்தைத் திருகினால் கார் ஏறவும் இறங்கவும் செய்கிற மாதிரி, 'காயில் ஓவர்' என்று ஒரு செட்டை நாலு சக்கரத்துக்கும் மாட்டியிருந்தார். மாட்டிய கையோடு ஆனமட்டும் இறக்கி வைத்துவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். கார் தரையோடு தரையாகக் கிடந்தது. எங்கள் வீடு இருந்த திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் போவதற்குள், வருகிற ஸ்பீடு பிரேக்கரில் எல்லாம் என் மனைவி மல்லிகா இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மல்லிகா உண்டானதும் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. "இந்தத் தடவை உடம்பு குலுங்கவே கூடாது. ஆட்டோ, பஸ் பக்கமே போகாதீங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு வேப்பம்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குக்கூட அனுப்ப வேண்டாம் என்றதால், என் மாமியாரே மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எங்களுக்கு இருந்ததோ, ரோட்டில் கிடக்கும் கல்லை எல்லாம் வயிற்றால் தேய்த்துக்கொண்டு போகும் அந்த ஒரு கார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். யார் யாரையோ விசாரித்து மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போனேன்.

"யாரு யாரு போவீங்க?" என்றார்.

"நான் ஓட்டுவேன். பின்னாடி இடது பக்கம் என் வீட்டுக்காரி, வலது பக்கம் அத்தை."

"ரெண்டு பேரையும் இட்டா. குந்தட்டும்."

இருவரையும் அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. "ரொம்ப ஏத்துனா தூக்கிப் போடும். ரொம்ப எறக்குனா இடிக்கும். நடுவுல ஒரு எடம் கீது, அத்தப் புடிக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜாக்கி போடும்போது மல்லிகா இறங்கி, தலையணை வைத்த நாற்காலியில் அமர வேண்டும். மேஸ்திரி வளையத்தைத் திருகி, காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, "குந்து தாயி" என்பார். அவள் ஏறியதும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரைக்கும் ஒரு குச்சியை வைத்து அளப்பார். உதட்டைப் பிதுக்குவார். மறுபடியும் ஜாக்கி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் என் மாமியாரைப் பார்த்து, எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி, "பெரீம்மா, நீங்க ஒரு எம்பது கிலோ இருப்பீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"யாரைப் பார்த்து எம்பது கிலோன்னு சொல்ற? ராத்திரிக்கு ரெண்டு இட்லிதான்யா சாப்பிடுறேன்!" என்று இறங்கியவர், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாமியார் வராவிட்டாலும் அவருடைய எடை வந்தாக வேண்டுமே! அவர் உட்கார்ந்தபோது குச்சியில் போட்ட குறியை வைத்துக்கொண்டு, அதே அளவுக்குக் கார் இறங்கும் வரை ஒரு கோணிப்பையில் மணலைக் கொட்டினார் மேஸ்திரி. பையைத் தைத்து, அதன்மேல் சாக்பீஸால் 'பெரியம்மா' என்று எழுதி, ஷெட்டின் மூலையில் மரியாதையாக உட்கார்த்தி வைத்தார்.

அதோடு விட்டாரா? வயிறு வளர வளர எடை ஏறும், எடை ஏறினால் கார் இறங்கும், ஆகவே வாரா வாரம் வர வேண்டும் என்று உத்தரவு. மாதக் கணக்கு டாக்டரம்மாவிடம், எடைக் கணக்கு மேஸ்திரியிடம் என்று ஆகிவிட்டது. ஒரு வாரம் அளந்துவிட்டு நிமிர்ந்தவர், "இன்னா தாயி, வளையத்த திருக வேலையே இல்லியே! சரியா துன்றதில்லியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊட்ல பழம் கிழம் வாங்கிப் போடுறியா, இல்லியா நைனா?" என்று சட்டையைப் பிடிக்காத குறை. மல்லிகாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே மாதுளம்பழம் வாங்கினேன்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே ஒருநாள் காலையில் வலி கண்டுவிட்டது. மாமியார் ஏதோ விசேஷம் என்று வேப்பம்பட்டுக்குப் போயிருந்தார். நான் மல்லிகாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எஸ்டேட் ரோட்டில் திரும்பினால், ஷெட்டை ஒட்டிய டீக்கடையில் நின்றிருந்த மேஸ்திரி கிளாசை வைத்துவிட்டு நடு ரோட்டுக்கு ஓடி வந்து, இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"இன்னா நைனா, வண்டி சாஞ்சிகினு வருது! பெரீம்மா எங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க! வழி விடுங்க, வலி வந்துடுச்சு!"

அடுத்த நிமிஷம் மணல் மூட்டை அவர் முதுகில் இருந்தது. அதை வலது பக்கம் தொப்பென்று உட்கார வைத்தார். "நீங்களும் ஏறுங்க" என்றேன், துணைக்கு ஒரு மனுஷன் வேண்டும் என்று.

"நான் ஏறுனா முன்னாடி எறங்கிப்பூடும். நீ போ!" என்று கதவைச் சாத்தியவர், டீக்கடை வாசலில் யாருடையதோ ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே மிதித்து வந்தார். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். "பள்ளம், பள்ளம்! சோத்துக்கைப் பக்கம் ஒடி!" என்று வழியெல்லாம் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மல்லிகா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தாள். கார் ஓர் இடத்தில்கூட இடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த ஆயா, "கூட யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டார். மல்லிகா வலியில் மூட்டையைக் காட்டி, "அம்மா" என்றாள். ஆயா மூட்டையில் இருந்த எழுத்தை ஒருதரம் படித்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது. நானும் அழுதேன். வெளியே வந்தால், மேஸ்திரி இன்னும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ரெண்டு உசுரும் நல்லா கீதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மல்லிகா, "மேஸ்திரி அண்ணன் கடைக்கு விடுங்க" என்றாள். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையை எட்டிப் பார்த்தார். பிறகு குச்சியை வைத்து அளந்தார். மல்லிகாவின் எடை குறைந்ததற்காக வளையத்தை இறக்கினார். மறுபடி அளந்துவிட்டு, அதே வளையத்தை ஒரு நூல் மேலே ஏற்றினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"பாப்பாவுக்கு."

"அது மூணு கிலோகூட இல்லியே அண்ணே! அதுக்கெல்லாம் ஸ்பிரிங்கு இறங்குமா?"

"எறங்காது, எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். "அதுக்காவ, ஏறி வந்த ஆள கணக்குல சேக்காம வுட சொல்றியா?"

அப்புறம் அந்தக் காரை விற்கிற வரைக்கும், அந்த வளையத்தில் வேறு யார் கையும் பட நான் விடவில்லை.