சருகுமானின் இருபத்துமூன்று ஒன்றுகள்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கு நல்ல பசி. நியாயஸ்தன் என்று பெயர் எடுக்கும் ஆசையும் உண்டு. இரண்டும் சேர்ந்து போகவில்லை. அதனால் தன் அமைச்சரான நரியிடம் யோசனை கேட்டது. நரிக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம்.

"எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவோம், ராஜா," என்றது நரி. "மீதியில்லாமல் சம குவியல்களாகப் பிரிகிற எண் என்றால், அந்த விலங்கு உங்கள் சாப்பாடு. ஒவ்வொன்றாக உதிர்த்தால் தவிர பிரியாது என்றால் விட்டுவிடுவோம். விசாரணை முடியாமல் யாரையும் தொடக்கூடாது. பிறகு யார் உங்களைக் குறை சொல்வார்கள்? கணக்கைத்தான் சொல்வார்கள்."

நரி தனக்குத் தொண்ணூற்றொன்றை எடுத்துக்கொண்டது. அது ஒற்றைப்படை எண். நரி படித்த வாய்ப்பாட்டில் எந்த வரியிலும் வராத எண். முயலுக்குப் பன்னிரண்டைக் கொடுத்தது. முயலின் விசாரணை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்தது.

சருகுமானுக்குக் கிடைத்தது நூற்றுப் பதினொன்று. மும்மூன்றாக அழகாகப் பிரியும். எண்களை மரத்தில் கொத்துவது மரங்கொத்தியின் வேலை. அது மூன்று ஒன்றுகளைக் கொத்தியதும் பட்டைக்குள் ஒரு புழு தட்டுப்பட்டது. புழு மேலே ஊர்ந்தது. மரங்கொத்தியும் கொத்திக்கொண்டே பின்னால் போனது. புழு அகப்பட்டபோது மரத்தில் இருபத்துமூன்று ஒன்றுகள் வரிசையாக நின்றன. கொத்தியதை அழிக்க வழியில்லை. மரத்தில் இருப்பதே சட்டம்.

விசாரணை நாளில் சருகுமான் வந்து நின்றது. நரி மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"கடைசி இலக்கம் ஒன்று. எனவே இரண்டாலும் ஐந்தாலும் பிரியாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று. எனவே மூன்றாலும் பிரியாது. ஏழால் வகுத்தால் இரண்டு மீதி. பதினொன்றால் வகுத்தால் ஒன்று மீதி."

"அப்படியென்றால் இவளை விட்டுவிட வேண்டுமா?" என்றது சிங்கம் வருத்தமாக.

"அவசரம் வேண்டாம், ராஜா. பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது என்று இன்னும் பார்க்க வேண்டும்."

"எதுவரை?"

"பத்தாயிரம் கோடிக்குச் சற்று மேலே வரை."

"அது மத்தியானத்துக்குள் ஆகுமா?"

"ஏதோ ஒரு மத்தியானத்துக்குள் ஆகும், ராஜா."

சிங்கத்தின் வயிறு உறுமியது. சருகுமான் மெல்ல வாய் திறந்தது.

"ஐயா, நீங்கள் போடும் கணக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாவதற்கு முன் புரிந்துகொள்கிறேன். அந்தப் பதிமூன்றை ஒரு சின்ன எண்ணில் போட்டுக் காட்டுங்களேன்."

நரிக்குப் பெருமை தாங்கவில்லை. "என் எண்ணிலேயே காட்டுகிறேன், பாரம்மா. எவன் வகுத்தாலும் மீதி வரும்."

தொண்ணூற்றொரு புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்து, பதிமூன்று பதிமூன்றாகக் குவித்தது. ஏழாவது குவியல் முடிந்ததும் அதன் கை தரையைத் துழாவியது.

"மீதி எங்கே?" என்றது சிங்கம்.

"தேடுகிறேன், ராஜா." நரி தன் வாலைத் தூக்கிப் பார்த்தது. வாலுக்கடியிலும் இல்லை. "இதற்கு ஒரு வாய்தா கிடைக்குமா?"

"இத்தனை சின்ன எண்ணுக்கு எதற்கப்பா வாய்தா?" என்று சொல்லிவிட்டுச் சிங்கம் எழுந்தது.

சருகுமானின் விசாரணை இன்னும் நடக்கிறது. புது அமைச்சரான கரடி பத்தொன்பதைத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். சருகுமான் வாய்தா தவறாமல் வந்து, சிங்கத்துக்கு வணக்கம் சொல்லி, புல் மேய்ந்துவிட்டுப் போகிறது. மற்ற விலங்குகள் எல்லாம் ஆளுக்கொரு புழுவோடு மரங்கொத்தி வீட்டு வாசலில் வரிசையில் நிற்கின்றன.

நீதி: மாட்டிக்கொள்வதானால் பெரிதாக மாட்டிக்கொள். சின்ன விவகாரமென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு வந்துவிடும்.