நிரந்தரமாக உட்கார்ந்த புரதம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் சுவர்ப்பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பாசியம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. பாசியின் செல்லுக்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியர். இந்த முறையாவது நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நம்பி நிர்வாக அதிகாரியின் முன்னே போய் நின்றாள்.

அதிகாரிக்குப் பாசி என்றால் குளியலறையில் வழுக்கும், அவ்வளவுதான் தெரியும்.

"ஏம்மா, அந்தப் புரதம் எங்கதான் இருக்கு?"

"செல் வளர்றப்போ நுனிக்குப் போயிடும் சார். செல் ரெண்டாப் பிரியறப்போ நடுவுக்கு வந்து குறுக்குச்சுவர் எழுப்பும்."

"யார்கிட்ட சொல்லிட்டுப் போகுது?"

"வேலை எங்க இருக்கோ அங்க போகுது சார்."

அதிகாரி ஆடிப்போய்விட்டார். "வேலை இருக்கிற இடத்துக்கு ஆளாளுக்குக் கிளம்பிட்டா, சீட்ல யாரும்மா இருப்பாங்க? புரதத்துக்கே நிரந்தர இடம் இல்ல. அதைப் பார்க்கிற உங்களை எப்படி நிரந்தரமாக்கறது?"

நியாயமான கேள்விதானே! மேற்படி புரதம் உடனடியாகத் தன் இருக்கைக்குத் திரும்ப வேண்டும் என்று அன்று மாலையே ஆணை பிறந்தது.

வீட்டில் கணவனிடம் புலம்பினாள். "கட்டிப்போட வழி இருக்குங்க. ஆனா பாசி வளராது. பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டேன், மனசு கேக்க மாட்டேங்குது."

"வளர்ந்து அது நமக்குச் சோறு போடப்போகுதா?"

ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, செல்லின் நடுவிலேயே ஒட்டிக் கிடக்கும்படி புரதத்தை மாற்றியமைத்தாள். புரதம் கச்சிதமாக உட்கார்ந்தது. பாசி அத்தோடு வளர்வதை விட்டுவிட்டது.

நுண்ணோக்கியில் பார்த்த அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "எப்ப வந்து பார்த்தாலும் சீட்லயே இருக்கே! என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு!"

செய்தி பரவியது. வெளியூர் அலுவலகங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். வளராத பாசி ஒரு கிண்ணமாவது மேசையில் இல்லாத ஆளை யாரும் அதிகாரியாகவே மதிக்கவில்லை. 'இருந்த இடத்தில் இருத்தல்' என்று பயிற்சி முகாம்கள்கூட நடந்தன. கடைசியில் விழாவே எடுத்தார்கள்.

மேடையில் இருந்த பாசியை இயக்குநர் குனிந்து பார்த்தார். இம்மியும் வளராமல், செத்தும் போகாமல், பழுப்பேறிக் கிடந்தது.

"அப்படியே நம்ம நிலையம் மாதிரியே இருக்கு!" என்றார், பெருமை பொங்க.

யாரும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது பாசியம்மாதான். அன்று காலைதான் அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள்.