மும்பையில் லீவு, கீரமங்கலத்தில் முகூர்த்தம்

பணத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவனிடம் பணம் இருக்காது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அதனால் அவன் சொல்வதை யாரும் செய்து பார்ப்பதில்லை. இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் நல்லது. திருச்சியில் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் பதினான்கு வருடம் எழுதியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் என் எழுத்தை நம்பிப் பணம் போட்டவர் ஒரே ஒருவர், என் தாய்மாமா. அவருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் சொந்தத்தில் ஒருவரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. (கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்க்க மட்டும் கூப்பிடுவார்கள்.)

மாமா கத்தாரில் பத்தொன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கீரமங்கலத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மல்லிகைக் கொல்லை. கொல்லைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ராமையா என்பவரின் முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பு. அதன் ஓரமாகப் போகும் வண்டித்தடம்தான் மாமாவுக்கு ஒரே வழி. ராமையா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். தோப்பை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. வேறு யாராவது வாங்கி வேலி போட்டுவிட்டால், விடிகாலையில் பறித்த பூவைத் தலைச்சுமையாக வரப்பில் கொண்டுபோக வேண்டும். பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பதினாறு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. ஆடி பிறந்ததும் மாமா மொய் விருந்து வைத்தார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் சில வருடத்துக்கு ஒருமுறை ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடும், வருகிறவர்கள் மொய் செய்வார்கள், அவர்கள் விருந்து வைக்கும்போது அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். மொய்ப்பணத்தோடு கத்தார் சேமிப்பையும் சேர்த்தபோது பதினாறு நிறைந்தது. ஆனால் ஆடியில் எங்கள் ஊரில் யாரும் நிலம் பதிய மாட்டார்கள். ஆவணி ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, நல்ல நாள். அன்றைக்குப் பத்திரம் என்று முடிவாயிற்று. நடுவில் கிட்டத்தட்ட நான்கு வாரம் அந்தப் பணத்துக்கு வேலை இல்லை.

வேலையில்லாத பணத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. (அடுத்தவர் பணமாக இருக்க வேண்டும்.)

"பேங்க்ல கெடந்தா என்ன மாப்ள வந்துரும்? இதுல போட்டா ரெண்டு மடங்கு வட்டி" என்று சொல்லி, நான் எழுதிய கட்டுரையை மாமாவே எனக்குப் படித்துக் காட்டினார். வெட்டி, மடித்து, சட்டைப்பையில் வைத்திருந்தார். அரசுக் கடன் பத்திரங்களில் மட்டும் முதலீடு செய்கிற, நினைத்தபோது எடுக்கக்கூடிய குறுகிய கால ஃபண்டு ஒன்றைப் பற்றிய கட்டுரை அது.

கொல்லையில் பம்புசெட் மேடையில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். அரசாங்கத்துக்கு வரி வந்து சேர்வதற்கு முன்பே செலவு வந்துவிடும். அப்போது மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ திருப்பித் தருகிறேன் என்று பத்திரம் எழுதிக் கடன் வாங்கும். நூறு ரூபாய்ப் பத்திரத்தைத் தொண்ணூற்றெட்டரைக்குத் தந்து, தவணையில் நூறாகக் கொடுக்கும். நம்மைப் போன்ற ஆயிரம் பேரிடம் பணம் சேர்த்து, ஃபண்டு அந்தப் பத்திரங்களை வாங்கி வைத்துக்கொள்கிறது.

"பூக்கடைக்காரரு நமக்கு முன்பணம் குடுக்குற மாதிரி" என்றார் மாமா. "இங்க நாமதான் கடைக்காரரு. அரசாங்கம் கொல்லைக்காரன்."

"அதேதான் மாமா."

"முழுகாதே?"

"அரசாங்கம் பொறுப்பு மாமா."

இந்த மூன்று வார்த்தையைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பத்திரத்துக்குத்தான் அரசாங்கம் பொறுப்பு, ஃபண்டுக்கு அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது. வட்டி விகிதம் திடீரென்று ஏறினால் கையில் இருக்கும் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். குறுகிய காலப் பத்திரமென்பதால் கொஞ்சம்தான் இறங்கும், ஆனாலும் இறங்கும். எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டால் ஃபண்டு பத்திரத்தைக் கிடைத்த விலைக்கு விற்க வேண்டி வரும். எடுக்கச் சொன்ன பணம் வேலைநாள் கணக்கில்தான் வரும். இவை எதுவும் எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியே இவைதான். அச்சுக்குப் போகிற நேரத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது, இடம் போதவில்லை, கடைசிப் பத்தியை நானே வெட்டினேன். பம்புசெட் மேடையிலும் அதே இடத்தில் வெட்டினேன்.

மாமாவின் மனைவி சரோஜா அத்தை மட்டும் பூக்கட்டிக்கொண்டே கேட்டார்: "பேங்க்ல போய் நின்னா மொகத்தப் பாத்துக் கேக்கலாம். இதுல யாரு மொகத்தப் பாக்குறது தம்பி?"

"என் மொகத்தப் பாருங்க அத்தை" என்றேன்.

பிறகு நிறையவே பார்த்தார்.

நான்கு வாரமும் மாமா சந்தோஷமாக இருந்தார். தினமும் காலையில் கூப்பிட்டு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்பார். ஏழாயிரத்துச் சொச்சம் வரை ஏறியது. "அரசாங்கமே நம்மகிட்ட கடன் வாங்கிருக்கு" என்று பூ மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார். "பணத்த எடுத்துருவமா மாப்ள?"

"சாப்பிட்டுட்டு எடுத்துர்றேன் மாமா."

அலுவலகத்துக்கு எதிர் மெஸ்ஸில் அன்று விரால் மீன் குழம்பு. நான் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். திரும்பி வந்து வணிகப் பக்கத்தில் ஒரு தலைப்பைத் திருத்திவிட்டு, இரண்டு ஐம்பத்தைந்துக்குச் செல்போனை எடுத்தேன். ஓடிபி மாமாவின் போனுக்குப் போனது. மாமா போனை பம்புசெட்டில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அவர் வந்து, கண்ணாடியைத் தேடி, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தபோது மணி மூன்றாகி நான்கு நிமிடம்.

மூன்று மணிக்கு மேல் வரும் விண்ணப்பம் அடுத்த வேலைநாள் கணக்கு. நான்கு நிமிடத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை சுதந்திர தினம், அலுவலகம் விடுமுறை. மத்தியானம் வரை தூங்கி எழுந்து, வந்திருந்த குறுஞ்செய்தியை அப்போதுதான் படித்தேன். விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளப்படும், பணம் புதன்கிழமை வரும். திங்கள் எங்கே போயிற்று என்று புரியாமல், மும்பையில் இருக்கும் ஃபண்டு அலுவலகத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன்.

"சார், மண்டே மும்பைல பேங்க் ஹாலிடே" என்றது ஒரு பெண் குரல்.

"என்ன விசேஷம்ங்க?"

"பார்சி நியூ இயர் சார்."

பார்சி மக்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கீரமங்கலத்தில் ஒரு பார்சி கூடக் கிடையாது. ஆவணி ஒன்றும் அவர்களுடைய வருடப் பிறப்பும் ஒரே திங்கட்கிழமையில் வந்து விழும் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் போடவில்லை. உடனே எடுக்கிற வசதி இருக்கிறதே என்றேன். அது ஐம்பதாயிரம் வரைதான், நீங்கள் முழுவதையும் எடுக்க விண்ணப்பித்துவிட்டதால் அதுவும் இப்போது முடியாது என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் போய் நேரில் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டே, "பணம் இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"அரசாங்கப் பத்திரத்துல மாமா."

"அப்ப அரசாங்கத்துகிட்ட."

நான் மறுக்கவில்லை. விளக்கும் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை காலை நான் எழுந்தபோது மாமாவைக் காணோம். அத்தை காபியை டங்கென்று வைத்தார். "ஒங்க மாமா மொதல் பஸ்ஸுக்கே புதுக்கோட்டை போயிட்டாரு."

"எதுக்கு அத்தை?"

"திங்கக்கெழமைல்ல. கலெக்டர் ஆபீஸ்ல மனு நாளு."

புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கூட்டம். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று ஆளுக்கொரு காகிதம். பதிவு செய்கிற மேசையின் முன்னால் மாமா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பத்திரப் பதிவுக்காகத் தைத்த சட்டை.

"எந்தத் துறைங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் மேசையில் இருந்த பெண் ஊழியர்.

"அரசாங்கம்தாங்க."

"அரசாங்கத்துல எந்தத் துறை?"

"கடன் வாங்குற துறைங்க."

அவர் மனுவை மறுபடி படித்தார். மரத்தடியில் எழுதி வாங்கிய மனு. 'மேற்படி பதினாறு லட்சத்தை அரசாங்கம் என்னிடம் குறுகிய காலக் கடனாகப் பெற்றுள்ளது. இன்று எனக்குப் பத்திரப் பதிவு இருப்பதால் தொகையை மதியத்துக்குள் திருப்பித் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ஆதாரமாக, குண்டூசியில் குத்தி, என் கட்டுரை. என் பெயரோடு, பாஸ்போர்ட் அளவு படத்தோடு.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது நீங்களா சார்?"

"ஆமாங்க."

"நீங்களே சொல்லுங்க சார், இத எந்தத் துறைக்கு அனுப்புறது?"

பின்னாலிருந்து, "சார், நீங்க எங்க இங்கிட்டு?" என்று ஒரு குரல். மனு நாள் செய்தி சேகரிக்க வந்திருந்த எங்கள் பத்திரிகையின் நிருபர். கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மாமா அவரிடம் முழு விவரத்தையும் சொன்னார். அவர் குறிப்பெடுத்தார். (செய்தி வரவில்லை. அதற்கு நான் மூன்று மாதம் டீ வாங்கிக் கொடுத்தேன்.) மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது மாமா மனு எண்ணை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். ஆலங்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "தராமப் போயிராதே மாப்ள?"

"புதன்கிழமை வந்துரும் மாமா."

"புதன்கிழமை தோப்பு இருக்காதே."

பத்திர ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் ராமையா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் திருப்பூர் பஸ். தேங்காய் வியாபாரியும் சற்றுத் தள்ளித் தன் புல்லட்டில் சாய்ந்து நின்றார். யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். மாமா என் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் வேலைநாள் பற்றி விளக்கத் தொடங்கினேன்.

"நீ செத்த சும்மா இரு தம்பி" என்றார் அத்தை. ராமையாவின் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். "அண்ணே, ரெண்டு நாளு. எங்க வீட்டுல தங்குங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

ராமையா பையின் காதைத் திருகினார்.

"தோப்பு மூலையில நாலு பலா நிக்கிதுல்ல, எங்கய்யா வச்சது" என்றார். "விக்கும்போதே மனசு கேக்கல. வருசத்துக்கு மூணு பழம் எங்க வீட்டுக்கு வரணும். அதுக்குச் சம்மதம்னா இருக்கேன்."

"வரும்ணே."

"திருப்பூருக்கு யாரு கொண்டாருவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புல்லட்காரர் உட்பட.

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பணம் வந்தது, ஏழாயிரத்துச் சொச்சம் வட்டியோடு, ஒரு பைசா குறையாமல். மூன்று மணிக்குள் பத்திரம் முடிந்தது. ஐந்து மாதம் கழித்து மாமாவுக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: மனு பரிசீலிக்கப்பட்டது, இம்மாவட்ட நிர்வாகம் தங்களிடம் கடன் ஏதும் பெறவில்லை. மாமா அதைப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.

முக்கால் ஏக்கருக்குப் பார்சித் தோப்பு என்று அத்தை வைத்த பெயர் ஊரிலும் நிலைத்துவிட்டது. புதிதாகப் பூப்பறிக்க வருகிற பெண்கள், முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரன் மாதிரி யாரோ இருந்த இடம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அத்தை தினசரி காலண்டரை என் முன்னால் வைப்பார். மும்பை விடுமுறைகளை நான் பச்சை மையில் வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வருடா வருடம் ஆனியில் மூன்று பலாப்பழத்தோடு திருப்பூர் போனேன். லக்கேஜ் கட்டணத்தையும் விடுப்பையும் கூட்டினால் ஏழாயிரம் எப்போதோ கரைந்துவிட்டது. பழம் வாசலில் இறங்கியதும் ராமையா குனிந்து முகர்ந்து பார்ப்பார். "மேக்க நிக்கிற மரம்" என்பார். தப்பாகச் சொன்னதே இல்லை. போன தை மாதம் அவர் தவறிவிட்டார்.

இந்த ஆனியில் அத்தை போன் செய்தார். "பழம் வெட்டியாச்சு தம்பி. என்னைக்கு வார?"

"அவருதான் இல்லையே அத்தை" என்றேன்.

"அதுக்கு? மும்பையில லீவா?"

சனிக்கிழமை காலை, திருப்பூர் பஸ்ஸில், கண்டக்டர் மூன்று பழத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் கிழித்தார்.