புலி மாமாவுக்கு ஒரு வாய்

ஒரு காட்டில், செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்குப் பக்கத்தில், சடையாண்டி என்றொரு கரடி வாழ்ந்து வந்தது. சடையாண்டி சாதாரணக் கரடி அல்ல. 'நம்ம காட்டுப் பெற்றோர்' வாட்ஸ்அப் குழுவின் அட்மின். அட்மினைப் போய் 'வந்தது, போனது' என்று எழுதினால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார். ஆகையால் வாழ்ந்து வந்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

பொழுது விடிந்ததும் சடையாண்டி பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். கீரையின் பயன்கள், கிழங்கின் மகிமை, பாக்கெட் தின்பண்டம் என்னும் நஞ்சு என்று வரிசையாக அனுப்பித் தள்ளுவார். அனுப்பும்போது ஒரு கை போனில் இருக்கும். இன்னொரு கை, பாறை இடுக்கில் ஒளித்து வைத்த தேனடையில் இருக்கும். இது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

அவருக்கு ஒரே மகள். பெயர் ஹன்விகாஸ்ரீ. சடையாண்டிக்கும் மதுரவல்லிக்கும் பிறந்த குட்டிக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. எண் கணிதம் பார்த்து வைத்தது. அந்தக் குட்டி கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அத்திப்பழத்தைக் கண்டால் குமட்டுகிறது என்னும். சுற்றுலா வேன்களிலிருந்து குரங்கு சுட்டு வந்து விற்கும் மசாலா சிப்ஸ் என்றால் மட்டும் உயிரை விடும்.

மழைக்காலம் நெருங்கியது. மழை தொடங்கினால் மேல்மலைப் புலி இந்தப் பக்கம் இறங்கிவிடும். அதற்குள் குட்டிகள் எல்லாம் மரமேறப் பழகியாக வேண்டும். ஹன்விகாஸ்ரீயும் வீட்டு வாசல் அத்திமரத்தில் ஏறிப் பார்த்தாள். முதல் கிளைக்கே மூச்சு வாங்கி, சறுக்கிக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, மத்த குட்டிங்க எல்லாம் உச்சிக் கிளையில ஊஞ்சல் ஆடுதுங்க. இவ உடம்புல ஒரு தெம்பும் இல்ல. நாளைக்கே புலி வந்தா என்னங்க பண்ணுவா?" என்றாள் மதுரவல்லி.

சடையாண்டி அத்திமரத்தை அண்ணாந்து பார்த்தார். புலிக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கவலைப்படாத வல்லி. இதைப் பத்தி நான் எவ்வளவோ அனுப்பியிருக்கேன்."

"அனுப்புனீங்க. ஒண்ணையாவது படிச்சீங்களா?"

படித்ததில்லை. ஆனாலும் ஒரு தகப்பன் சும்மா இருக்க முடியுமா? முதலில் மிரட்டிப் பார்த்தார்.

"சாப்பிடலேன்னா மனுஷன் வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிடுவான்."

"மனுஷன்கிட்டதானே சிப்ஸ் இருக்கு?" ஹன்விகாஸ்ரீயின் கண் பளிச்சென்றது. "எப்பப்பா வருவான்?"

அடுத்து, போனில் படம் போட்டுக் காட்டி, வாய் திறந்த நேரம் பார்த்துக் கிழங்கு உருண்டையைத் திணித்தார். குட்டி அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படம் முழுவதையும் பார்த்து முடித்தாள். பிறகு உருண்டையை வைத்த மேனிக்கு அவர் உள்ளங்கையிலேயே திருப்பித் துப்பினாள். போனில் சார்ஜ் போனதுதான் மிச்சம்.

கடைசியில் சடையாண்டி எல்லாத் தகப்பன்மாரும் வந்து சேருகிற இடத்துக்கே வந்து சேர்ந்தார். கீரையும் கிழங்கும் பிசைந்து தேக்கிலையில் வைத்துக்கொண்டு, குரலைக் குழைத்து ஆரம்பித்தார்.

"என் தங்கம்ல? இது காக்காவுக்கு ஒரு வாய்..."

மனிதர் வீட்டில் இது பலிக்கும். அங்கே காக்காவுக்குப் பேச்சு புரியாது. இங்கே காக்கா மேல் கிளையில் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, என்னையா கூப்பிட்டீங்க?" என்று இறங்கி வந்தது.

"சேச்சே, அது சும்மா சொல்றதுப்பா."

"சாப்பாட்டு விஷயத்துல என்னண்ணே சும்மா? அதுவும் குழந்தை முன்னாடி?"

'குழந்தைகள் முன் பொய் சொல்லாதீர்கள்' என்று காலையில்தான் குழுவில் அனுப்பியிருந்தார். வேறு வழியில்லாமல் அந்த வாயைக் காக்காவுக்கே கொடுத்தார். ஹன்விகாஸ்ரீ கைதட்டிச் சிரித்தாள்.

மறுநாள் அத்தைக்கு ஒரு வாய் என்றதும் அத்தை வந்தாள். முயலுக்கு ஒரு வாய் என்றதும் முயல் குடும்பத்தோடு வந்தது. கொஞ்ச நாளில் அத்திமரத்தடியிலிருந்து ஓடைவரை கியூ நின்றது. காக்கா தானாகவே பொறுப்பெடுத்து இலையில் டோக்கன் கிழித்துக் கொடுத்தது. "தள்ளாதீங்க, எல்லாருக்கும் இருக்கு!" என்று அதட்டுவது ஹன்விகாஸ்ரீயின் வேலை. அந்த வேலைக்குத் தெம்பு வேண்டுமே என்று அவள் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டாள். கியூ முடிந்ததும் இலையில் மிஞ்சுவதையெல்லாம் "அப்பாவுக்கு ஒரு வாய்" என்று வழித்து அவர் வாயில் திணித்துவிடுவாள். குழந்தை ஊட்டும்போது முகம் சுளிக்க முடியுமா? கீரை தின்று தின்று சடையாண்டியின் தொந்தி கரைந்தது. மகள் மட்டும் அப்படியே இருந்தாள்.

முதல் மழை தூறிய அன்று சடையாண்டிக்குச் சொல்லப் பெயர்கள் தீர்ந்துபோயின. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில் வாய் தவறிவிட்டது.

"இது... இது புலி மாமாவுக்கு ஒரு வாய்!"

கியூ கலைந்த வேகத்தில் டோக்கன்கள்தான் பறந்தன.

"என்னங்க சொன்னீங்க?" என்று மதுரவல்லி அலறினாள்.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கூப்பிட்டீங்களா?"

சடையாண்டி மகளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். அந்தச் சின்னக் கைகள் அவருடைய முடியை இறுகப் பிடித்தபோது, 'கடவுளே, இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது' என்பதைத் தவிர அவர் மனதில் எதுவும் இல்லை. கீரையின் பயன்கள்கூட இல்லை. எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மதுரவல்லி ஏற்கெனவே உச்சிக் கிளையில் இருந்தாள்.

புலி மரத்தடியில் கால் நீட்டிப் படுத்தது. "நிதானமா இறங்குங்க. ஒரு வாய்னு சொன்னது நீங்க. அளவு என்னோடது."

பொழுது சாய்ந்தது. வாயில் கவ்விக்கொண்டு வந்த பாக்கெட்டில் சிப்ஸ் தீர்ந்துவிட்டது. ஹன்விகாஸ்ரீக்குப் பசித்தது. எதிரே கிளையெங்கும் அத்திப்பழம் பழுத்துக் கிடந்தது. 'சாப்பிடு கண்ணு' என்று சொல்லச் சடையாண்டி வாயைத் திறந்தார். ஏறிய களைப்பில் காற்றுதான் வந்தது. யாரும் கெஞ்சாத அந்த நேரத்தில் குட்டி ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு கையாலும்.

"நல்லாத்தாம்பா இருக்கு," என்றாள் வாய் நிறைய. "தேனைப் பாறை இடுக்குல ஒளிச்சு வைப்பீங்கல்ல? இதையும் அங்க ஒளிச்சு வச்சிருந்தா நான் எப்பவோ தின்னிருப்பேனே!"

மதுரவல்லி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சடையாண்டிக்கு இறங்கிப் புலியிடமே போய்விடலாம் போல இருந்தது.

வயிறு நிறைந்ததும் குட்டிக்குத் தாராளம் வந்தது. மசாலாத் தூள் ஒட்டியிருந்த காலிப் பாக்கெட்டைக் கீழே போட்டு, "மாமா, இது உங்களுக்கு ஒரு வாய்!" என்றாள். புலி அதை நக்கிப் பார்த்தது. உள்ளே தலையை விட்டு நக்கியது. "இது எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு குரங்கு கடைப் பக்கம் ஓடியது.

பாறையின் சிக்னல் உச்சிக் கிளைக்கும் எட்டியது. சடையாண்டி மரத்திலிருந்தபடியே, மகள் பழம் தின்னும் படத்தைக் குழுவில் போட்டார். வாழ்த்துகள் வரும் என்று காத்திருந்தார். எல்லாப் பெற்றோரும் கேட்டது ஒன்றுதான்: "புலி மாமா நம்பர் கிடைக்குமா?"

இப்போது புலிக்கு ஓய்வே இல்லை. சாப்பாட்டு வேளைகளில் வீடு வீடாகப் போய் மரத்தடியில் நிற்கிறது. கூலி, சிப்ஸ் பாக்கெட். குட்டிகள் எல்லாம் பழம் தின்று, உச்சிக் கிளைவரை தாவுகின்றன. நிற்பதற்கே மூச்சு வாங்குகிறது புலிக்கு.

அத்திமரத்து வீட்டில் பாறை இடுக்கு நிறைய கீரையும் கிழங்கும் ஒளித்து வைக்கப்படுகின்றன. ஹன்விகாஸ்ரீ தினமும் திருடித் தின்கிறாள். தேனடையை மதுரவல்லி எல்லாரும் பார்க்க இலையில் வைத்து, "வயசாகுது, உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்க" என்கிறாள். சடையாண்டிக்கு அது இறங்க மாட்டேன் என்கிறது.

நீதி: நல்ல உணவைக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள், ஒளித்து வையுங்கள். ஒளிக்க இடமில்லாதவர்கள் வாசலில் ஒரு புலியை நிறுத்தவும்.