வழியனுப்ப வந்த பிராய்லர்

தமிழ்நாட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு பிராய்லருக்குத்தான். ஆனால் வாங்க வரமாட்டான். மேடை ஏறப் பயம். அவனுக்குப் பதிலாக நான்தான் போய் வாங்க வேண்டியிருக்கும். என் கால் நடுங்குவதைப் பார்த்து இரண்டாம் பரிசையும் என் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் சந்தித்தது கோயம்புத்தூருக்கு வெளியே, மலையடிவாரத்தில், ஒரு சீருடைப் பணி அகாடமியில். எந்தப் பணி, எந்த அகாடமி என்று கேட்காதீர்கள். அந்த விடிகாலை விசிலை நினைத்தால் இன்றைக்கும் கட்டிலை விட்டுக் குதித்து எழுந்துவிடுவேன். நான் கோபிசெட்டிபாளையம். அவன் பல்லடம் பக்கம், கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளை. வெள்ளைவெளேரென்று, கொழுகொழுவென்று வந்து இறங்கியவன் முதல் நாள் ஓட்டத்தில் மைதானத்தின் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிராய்லர் என்ற பெயர் அங்கேயே விழுந்தது. வீட்டார் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

ஆரம்பப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் எல்லோரும் வரிசையில் நின்றதும் டிரில் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்பார். அவர் திருநெல்வேலிக்காரர். முகத்தில் பாதி மீசை, மீதி கோபம்.

"ஏல, ஊருக்குப் போணும்னு நெனைக்கவன் ஒரு எட்டு முன்னால வா. இப்பவே பஸ் ஏத்தி விடுதேன்."

ஓரடி முன்னால் வைத்தால் முடிந்தது. அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, அப்புறம் பெட்டி, வாசல், பஸ். மறுபடி உள்ளே வரவே முடியாது. சேருவதற்கு எத்தனை பரீட்சை, எத்தனை வருடப் படிப்பு! போவதற்கு ஓரடி. அந்தச் சுலபம்தான் எங்களை நடுங்க வைத்தது. கேள்வி கேட்கும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்கோ என் கால்மேலேயே நம்பிக்கை கிடையாது. அது பாட்டுக்கு முன்னால் போய்விடுமோ என்று பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு நிற்பேன்.

எங்கள் அறையில் எட்டுக் கட்டில். முதலில் ஓரடி வைத்தவன் யார் தெரியுமா? நாமக்கல் கபடி வீரன். எங்களில் பெரிய பலசாலி. அவன் மெத்தையைச் சுருட்டிக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அவனாலேயே முடியவில்லை என்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு?

பிராய்லர் மட்டும் தினமும் சாயங்காலம் பெட்டியைக் கட்டுவான். சட்டையை மடித்து, சோப்பு டப்பாவைத் துடைத்து, கயிறு போட்டு இறுக்கி முடிச்சுப் போடுவான்.

"நாளைக்குக் கண்டிப்பாப் போயர்றேனுங்க. என்னையத் தேடாதீங்க."

மறுநாள் காலை கேள்வி வரும். பிராய்லர் கல்லாக நிற்பான். அறைக்கு வந்து முடிச்சை அவிழ்த்துச் சட்டையை எடுப்பான். நான் கேட்பேன்:

"ஏனுங்க, போகலீங்களா?"

"அந்த ஆளு முன்னால எப்படிங்க போயி நிக்கறது? மீசையப் பாத்தாலே கை காலெல்லாம் இழுக்குதுங்க. நாளைக்குப் பாக்கலாமுங்க."

இப்படியாகத் தைரியசாலிகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். போகவும் தைரியமில்லாத பிராய்லர் பயிற்சியில் தொடர்ந்தான்.

எனக்கு வேறு பிரச்சினை. நான் தேர்வானதும் என் பெரியப்பா கோபி பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளக்ஸ் வைத்துவிட்டார். யாருடைய சீருடை உடம்பிலோ என் தலையை ஒட்டி, 'கொங்கு மண்ணின் சிங்கமே' என்று போட்டு, கீழே சொந்தக்காரர்கள் படங்கள். எந்த பஸ்ஸில் போய் இறங்கினாலும் சிங்கத்துக்கு எதிரில்தான் இறங்க வேண்டும். அது மழைக்காவது கிழியட்டும் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருவார்கள். அம்மா சொன்னாள்: "கண்ணு, பிளக்ஸ் ஓரத்துல கிழிஞ்சு போச்சு. நீ வருத்தப்படாத, உம்பட பெரியப்பன் இன்னும் பெருசா அடிக்கச் சொல்லிப்போட்டாரு."

அறையில் கட்டில்கள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் பிராய்லர் சுருட்டிய மெத்தைகளையெல்லாம் பிரித்து விரித்து, போர்வை போட்டு, ஆள் படுத்திருப்பது மாதிரி தலையணையும் வைத்துவிட்டான். மூலையில் இருந்த கட்டில்களை இழுத்து வட்டமாகவும் போட்டுவிட்டான். ஆய்வுக்கு வந்த டிரில் மாஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னல இது? கல்யாண மண்டபமா? எட்டுப் படுக்கை இருக்கு, நாலு பேருதான நிக்கீங்க?"

பதில் சொன்னவன் பிராய்லர். "ஐயா, பண்ணையில புதுக் குஞ்சு எறக்கறப்ப சுத்தித் தகரத்த வட்டமா வெப்போமுங்க. மூலை இருந்தா, பயந்த குஞ்செல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூலையிலயே மூச்சு முட்டிச் செத்துப்போகுமுங்க."

"இவனுவ குஞ்சாடா?"

பிராய்லர் எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். "ஆமாங்கய்யா."

அன்று அறை முழுவதும் முழங்கை ஊன்றி மைதானத்தில் தவழ்ந்தோம். எனக்கு வந்த கோபத்தில் அவனைக் கடித்துத் தின்றிருப்பேன். முழங்கைக்கு மருந்து போடும்போது கேட்டேன்: "கட்டில வட்டமாப் போட்டது செரி. காலிக் கட்டில்ல எதுக்குங்க போர்வைய விரிச்சீங்க?"

அவன் மருந்து டப்பாவை மூடி வைத்தான். "சீக்கு வந்து ரெண்டு வாட்டி எல்லாக் கோழியும் போச்சுங்க. அப்பா பண்ணைய மூடிப்போட்டாரு. நான் இங்க கெளம்பறப்ப காலிக் கொட்டாய்ல ஒத்தையா நின்னுட்டிருந்தாருங்க. வெறும் எடத்தப் பாத்தா எனக்குத் தாங்கறதில்லீங்க."

அப்போதுதான் விளங்கியது. தினமும் பெட்டி கட்டுகிறவனுக்குத் திரும்பிப் போக அந்தக் காலிக் கொட்டாய்தான் இருந்தது.

பயந்தவன் என்றாலும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டான். ஒருவர் கிளம்பினால் அவரைத் தாட்டிவிடுவது, அதாவது வண்டி ஏறி வண்டி மறையும்வரை கூட நிற்பது, எங்கள் பக்கத்துப் பழக்கம். அகாடமியை விட்டுப் போன ஒவ்வொருவனுக்கும் பெட்டி தூக்கியது பிராய்லர்தான். "சாப்டுப்போட்டுப் போங்க", "ஊட்ல கேட்டதாச் சொல்லுங்க" என்று வாசலில் ஒரு பாட்டம், கேட்டில் ஒரு பாட்டம். ஒவ்வொரு தடவையும் வகுப்புக்குத் தாமதமாக வந்து தண்டனையாகத் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்பான். அடுத்தவன் போகும்போது மறுபடியும் பெட்டி தூக்குவான்.

பிறகு வந்தது என் நேரம். மைதானத்தின் ஓரத்தில் தென்னை உயரத்துக்கு ஒரு மரமேடை. அதன்மேல் ஏறி, நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் நடந்து, கீழே கட்டிய வலைக்குள் குதிக்க வேண்டும். இரண்டு தடவை ஏறினேன். இரண்டு தடவையும் பலகையைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டேன். என்னை இறக்க ஆள் அனுப்பினார்கள். கீழே நின்றவர்கள்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவமானம். அடுத்த முறை சனிக்கிழமை. அன்றும் குதிக்காவிட்டால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். தள்ளிவிடப்படுவதைவிட நாமாகப் போவது மேல் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் பெட்டி கட்டியவன் நான். பிராய்லர் கட்டவில்லை. என் பெட்டிக் கயிறு லேசாக இருக்கிறதென்று அவிழ்த்துவிட்டுத் தானே இறுக்கிக் கட்டினான். முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டான்.

காலை. வரிசை. பனி. கேள்வி வந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு பூட்ஸ் சத்தம். திரும்பினால் பிராய்லர்!

டிரில் மாஸ்டரின் மீசை விரிந்தது. "வாங்கல வாங்க. ரெண்டு பேரும் பெட்டியக் கட்டுங்க."

பிராய்லர் வெளுத்துப்போனான். "ஐயா, நான் போகலீங்கய்யா. இவருதான் போறாரு. நான் தாட்டிவுட வந்தேனுங்க."

"என்னது?"

"வழியனுப்பறதுக்குங்கய்யா. ஒத்தையா முன்னால வந்து நிக்கறாரு. பாத்துட்டு எப்படிங்க சும்மா நிக்கறது?"

"முன்னால வந்தா வந்ததுதான். சட்டம் சட்டம்தான்."

பிராய்லர் என் பக்கம் திரும்பினான். அத்தனை நாளும் தனக்காக ஓரடி வைக்கத் தைரியம் வராதவன், எனக்காக வந்து மாட்டிக்கொண்டான். எனக்கு அந்தக் காலிக் கொட்டாய் கண்ணில் வந்து நின்றது. நான் போனால் இவனும் போக வேண்டும். எங்கே போவான்? என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததே இல்லை, பலகைமேல்கூட. நான் ஓரடி பின்னால் வைத்தேன்.

"ஐயா, நான் போகலீங்க."

உடனே பிராய்லரும் ஒரு தாவாகப் பின்னால் வந்தான். "அவரே போகலீங்கய்யா. அப்பறம் நான் யாரத் தாட்டிவுடறதுங்க?"

சட்டத்தில் முன்னால் வருவதற்கு வழி இருந்தது; பின்னால் போவதைப் பற்றி எவரும் எழுதியிருக்கவில்லை போலும். டிரில் மாஸ்டர் மீசையைத் தடவினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு எங்களை மத்தியானம்வரை மைதானத்தைச் சுற்ற வைத்தார்.

சனிக்கிழமை நான் குதித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு அடுத்து ஏறியவன் பிராய்லர். பின்னால் நின்று அவன் நடுங்கிய நடுக்கத்தில் பலகை ஆடி, நான் விழுந்தேன். வலைக்குள் விழுந்ததால் தேர்ச்சி. என்மேலேயே வந்து விழுந்ததால் அவனுக்கும் தேர்ச்சி.

பயிற்சி முடிந்து முதல் விடுமுறை. காந்திபுரத்தில் எனக்குக் கோபி பஸ், அவனுக்குப் பல்லடம் பஸ். இரண்டும் வெவ்வேறு திசை. என்னை ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றவன், பஸ் நகர்ந்ததும் கையைக் காட்டினான். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தபோது பார்த்தால், பின்பக்கப் படியேறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஏனுங்க, உங்க ஊரு அந்தப் பக்கமில்லீங்களா?"

"அன்னூர் வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிக்கறேனுங்க. நீங்க அந்த பிளக்ஸுக்கு முன்னால ஒத்தையா எறங்கோணுமில்லீங்க."

வழியில் அன்னூர் வந்தது, போனது. இன்றைக்கு நாங்கள் இருவரும் வெவ்வேறு ஊரில் சீருடையில்தான் இருக்கிறோம். எனக்குப் பயம் விட்டுப்போகவில்லை, அவனுக்கும்தான். பயம் வரும்போதெல்லாம் நான் அவனை நினைத்துக்கொள்கிறேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அன்று அவன் கோபி வரைக்கும் வந்தான்.